ஒரே ஓர் அண்டை நாடு

வரைபடத்தில் லெசோத்தோ
இன்னொரு நாட்டின் சட்டையில்
பீடி சுட்ட பொத்தல்.
வடக்கே அவர்கள், தெற்கே அவர்கள்,
கிழக்கிலும் மேற்கிலும் அவர்களே.
எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் அதே முகம்.
உங்கள் வெளியுறவுக் கொள்கை ரொம்ப எளிது
என்று விருந்துகளில் சொல்வார்கள்.
சிரிப்பதும் என் பணியில் சேர்த்தி.

பயிற்சியில் முதல் பாடம்:
முப்பத்திரண்டு பற்களுக்கு நடுவே நாக்கு நாம்.
அசையலாம், சுவைக்கலாம்.
கடிபட்டால் கத்த முடியாது;
கத்துவதற்கும் அந்த வாய்தான் திறக்க வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க், மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஜூனிலிருந்து ஓடவில்லை.
நான் டினேயோ மொகொலி.
குடிமக்கள் நலப் பிரிவு என்றால்
நானும் ஒரு முத்திரையும்
காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டரும்.
மூடிய சுரங்கத்தின் ஓய்வூதியம் கேட்டு
மூச்சிரைக்கப் படியேறுவார்கள்,
நுரையீரலில் பாதியைப் பாறைக்குக் கொடுத்தவர்கள்.
உயிரோடு ஊர் போகிறவனுக்கு ஒரு படிவம்.
பெட்டியில் போகிறவனுக்கு ஏழு.

செவ்வாய்க்கிழமை போலீஸிலிருந்து அழைப்பு.
கைவிட்ட தங்கச் சுரங்கத்திலிருந்து
ஒருவனை மேலே எடுத்திருக்கிறார்களாம்.
பெயர் சொல்கிறான், தாள் இல்லை.
உங்கள் ஆள், கொண்டு போங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.
நம் ஆள்தான் என்று நிரூபி என்றது தலைநகர்.
நடுவில் ஒரு பெஞ்சில்
யாருடைய ஆளும் இல்லாமல் அவன்,
வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

பேச்சை வைத்துப் பிடிக்க முடியாது.
ஆற்றின் இரு கரையிலும் ஒரே மொழி,
ஒரே குலப்பெயர்கள், ஒரே வசவுகள்.
கையேட்டில் உள்ளதைக் கேட்டேன்:
பெயர்?
மொட்லாலெபுலா. மழையோடு வந்தவன்.
ஊர்த் தலைவர்?
செத்தவரா, அவர் மகனா?
ஊர்?
அணைக்குள்ளே.

எழுதிய கை நின்றது.
எந்த ஊருக்குக் கடிதம் போடுவேன்,
எந்த மீன் கையொப்பமிடும்?

தண்ணீர் கேட்டான்.
கான்ஸ்டபிள் குழாயில் பிடித்துத் தந்தார்.
மலையைக் குடைந்த குகை வழியே
எங்கள் மலைத் தண்ணீர் இந்த நகரத்துக்கு வருகிறது:
மீட்டர் உண்டு, ஒப்பந்தம் உண்டு,
தேதி தவறாமல் பணமும் உண்டு.
எல்லையில் அதை யாரும் நிறுத்தி
உன் தலைவர் யார் என்று கேட்டதில்லை.
ஒரு மடக்கு வாயில் வைத்திருந்து விழுங்கினான்.
எங்க ஊருதான் என்றான்,
குளோரின் கொஞ்சம் தூக்கல்.

கான்ஸ்டபிள் சிரித்தார். நானும்.
படிவத்தில் 'ஆதாரம்' என்ற கட்டம்
சிரிக்காமல் காத்திருந்தது.

பதினோரு நாள்.
நான்கு தொலைபேசி, ஒரு கெஞ்சல்,
பழைய நட்பில் ஒரு மிரட்டல்.
கடைசியில் அணை அலுவலகத்துக் கிடங்கில்
எலி கொறித்த இழப்பீட்டுப் பேரேடு:
விதவை மாசெம்போ ரமகட்சா.
மூழ்கியவை: பீச் மரம் மூன்று,
கல் தொழுவம் ஒன்று, கல்லறை இரண்டு.
உடன் இருப்பது: மகன், வயது நான்கு.

மரங்களுக்கு நேர் கீழே அவன் பெயர்.
எங்கள் நாடு அவனை எழுதி வைத்த
ஒரே இடம் அது,
அவனிடமிருந்து எடுத்தவற்றின் பட்டியல்.

தலைநகர் ஒத்துக்கொண்டது.
அவசரப் பயணச் சான்று, ஒரு வழி,
முப்பது நாள் செல்லும்.
மசேரு பாலம் வரை நானே கூடப் போனேன்.
மொஹொகாரேயில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.
ஆடுகள் கடந்துகொண்டிருந்தன,
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

தாளை வாங்கி, திருப்பி, பின்பக்கம் பார்த்து
அவன் கேட்டான்:
மேடம், திரும்பி வர
இதே தாள் போதுமா?

நான் குனிந்து
முத்திரையின் மை காய
ஊதிக்கொண்டிருந்தேன்.